தையல் கடை வரைக்கும்

இன்று காலை பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் என் மனைவியிடம் ஒரு பழைய கதைகூடச் சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த கதை, எங்கள் கும்பல் ஒரு தெருவையே தப்பாகத் தோண்டிய கதை, அவளை முதன்முதலில் பார்த்த கதை, எல்லாவற்றுக்கும் வால்வை மூடியாகிவிட்டது. ஏன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். மெதுவாகத்தான் பேச முடியும். அவள் உள்ளே துணி வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் என் குடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது.

நான் ஊர் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க ஊரார் குழாயைச் சரிபார்த்தேன். என் குழாயை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் இடது பக்கம் அடிவயிற்றில் வலி வந்து, காய்ச்சல் வந்து, ஸ்டிரெச்சரில் ஏறி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார்.

"உங்க பெருங்குடல் சுவர்ல சின்னச் சின்னதா பை மாதிரி புடைச்சிருக்கு. அதுல ஒண்ணு வீங்கிப் புண்ணாயிருக்கு. இதுக்குப் பேரு டைவர்டிகுலைட்டிஸ்."

"பழைய சைக்கிள் டியூப் புடைக்குமே, அந்த மாதிரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அதேதான்."

"அப்போ ஒரு பேட்ச் போட்டு விடுங்களேன்."

என் மனைவி தையல்காரி. அவளுக்கு அவள் கவலை.

"பையெல்லாம் உள்பக்கமா இருக்கா, வெளிப்பக்கமா டாக்டர்?"

"வெளிப்பக்கமா."

"பார்த்தீங்களா? நான் தைச்சுக் குடுத்த பை எல்லாத்தையும் ஸ்பேனர் போட்டு ஓட்டையாக்கினார். இப்போ என்னைக் கேக்காமலே தனக்குத்தானே தைச்சுக்கிட்டு வந்திருக்கார்!"

அந்த வியாதியின் பெயர் என் வாயில் இதுவரை முழுசாக நுழைந்ததில்லை. நாங்கள் தெருவைத் தோண்டும்போது வண்டிகளைத் திருப்பிவிட ஒரு பலகை வைப்போம். டைவர்ஷன். நானும் அதையே வைத்துக்கொண்டேன். யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்டால், "உள்ளே டைவர்ஷன்" என்பேன். மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு விதிதான் கொடுமை. நன்றாக இருக்கும் நாளில் நார், நார், நார். பீன்ஸ், கேரட், தவிட்டு ரொட்டி, தோலோடு பழம், குடம் குடமாகத் தண்ணீர். வலி வந்துவிட்டால் நார் என்ற சொல்லே வீட்டில் கேட்கக் கூடாது. வடிகட்டிய சூப். தெளிந்த சாறு. வலி குறைந்தால் வெள்ளை ரொட்டி. இன்னும் குறைந்தால் மெதுவாக மறுபடி நார். நல்ல நாளில் என்னை மாடு மாதிரி நடத்துவாள். கெட்ட நாளில் கொசு மாதிரி. உறிஞ்ச மட்டும்தான் அனுமதி.

வெளியே கிளம்புவதென்றால் அது வேறு கணக்கு. ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். மறுநாள் திறந்துகொள்ளும். முன்பெல்லாம் எந்தத் தெருவில் எந்த வால்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது எந்தத் தெருவில் எந்தக் கழிப்பறை என்று சொல்வேன். ஒரு விதத்தில் அதே இலாகாதான்.

அந்த முதல் தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சட்டையில் எல்லாப் பொத்தானும் ஏற்கெனவே இருந்தது. தைத்ததைப் பிய்த்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "அடுத்த தடவை வலி வந்தா மறைக்காதீங்க. அந்தப் பை கிழிஞ்சுதுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார். கிழிசல் என்றால் என்ன என்று தையல்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? அன்றிலிருந்து என் வயிறு அவள் பொறுப்பாகிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். இருங்கள், இந்தத் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொள்கிறேன். ஆ. இப்போது சொல்கிறேன்.

போன மாதம் ஃபோர்மேனிடமிருந்து போன் வந்தது. என் பழைய ஃபோர்மேன். நான் மீசை முளைக்காமல் வேலைக்குச் சேர்ந்த நாளில் என் கையில் கம்பியைக் கொடுத்தவர். அது என்ன கம்பி என்றால், இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. தெரு விழித்துக்கொள்வதற்கு முன்னால் போய், ஒரு முனையைக் குழாய் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஓடும் தண்ணீர் தானாகப் பேசும். ஒழுகும் இடம் நெருங்க நெருங்க உஸ்ஸென்று ஒரு ரகசியம் மாதிரி கேட்கும். அங்கே தோண்டினால் ஒழுகல் இருக்கும். எங்கள் கும்பலிலேயே இதில் நான்தான் கெட்டிக்காரன். எனக்குப் பெயரே 'காது'தான். தோண்டுகிறவன் 'மண்வெட்டி'. தண்ணீரைத் திறந்து மூடுகிறவன் 'வால்வு'. எங்கள் நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"டேய் காது!"

"அண்ணே!"

"அடுத்த வாரம் மக கூடப் போயிடறேன்டா. கடல் தாண்டி. இனிமே திரும்பி வருவேனோ என்னவோ. ஞாயித்துக்கிழமை பழைய பம்ப் ஹவுஸ் பின்னாடி உக்காந்து பேசலாம். மண்வெட்டி வரான், வால்வு வரான். வறுத்த கடலை, பொரிச்ச மீனு, எல்லாம் நம்ம காலத்து மாதிரியே. நீ வரலைன்னா நான் விமானத்துல ஏற மாட்டேன்."

அந்த மனுஷனை இன்னொரு தடவை பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று நினைத்தாலே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அனுமதி வாங்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதே.

"தாராளமா போயிட்டு வாங்க" என்றாள்.

நான் சந்தோஷத்தில் எழுந்தேன்.

"உக்காருங்க. முடிக்கல. வயித்துல வலி இருந்தா அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"எனக்கு எங்கே வலி? நான் பாறை மாதிரி இருக்கேன்."

"பாறை மாதிரி இருந்தாலும் சொல்லணும். அது வேற பிரச்சினை."

வெள்ளிக்கிழமை காலை. இடது பக்கம், அடிவயிறு. யாரோ ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகினார்கள்.

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. வலியால் இல்லை. இடையில் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. அதுவரை இவளுக்குத் தெரியக் கூடாது. நான் உட்கார்ந்து யோசித்தேன். வலி வந்தவன் என்ன செய்வான்? வயிற்றைப் பிடிப்பான். முனகுவான். முகத்தைத் தொங்கப்போடுவான். பேசாமல் கிடப்பான். சரி, அப்படியே தலைகீழாகச் செய்தால்? கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. சிரித்த முகம். அப்புறம் முக்கியமானது, பேச்சு. வாய் ஓயாமல் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிறவனுக்கு வயிற்று வலி என்று யாராவது சந்தேகப்படுவார்களா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

போனேன். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாபகம் இருக்கா, போன வருஷம் மாடி வீட்டுக்காரர் குழாயைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரே?"

"ம்."

"தண்ணி மாடிப்படி வழியா அருவியா கொட்டுச்சே! நீகூட உன் துணிக்கட்டையெல்லாம் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு நின்னியே!"

"ஆமா" என்று சிரித்தாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வெற்றி.

மதியம் ஒரு தட்டு நிறையப் பீன்ஸ் வைத்தாள். வலியில் அதைத் தின்றால் என் கதை முடிந்தது. அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பும்போதெல்லாம் ஒரு பிடி சட்டைப் பையில் போட்டேன். நல்ல ஆழமான பை. அவள் தைத்ததுதான்.

சாயங்காலம் ஸ்பேனர் இன்னொரு சுற்று திருகியது. நானும் பேச்சை ஒரு சுற்று கூட்டினேன்.

"இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கு ஞாபகம் இருக்கா? சாவியைத் தொலைச்சுட்டு வாசப்படியில உக்காந்து, நீயும் நானும் ஒரே ரொட்டியைப் பிச்சுத் தின்னோமே? நம்ம பாப்பா உன் மடியிலயே தூங்கிட்டா."

"ஓ, அங்க வந்துட்டீங்களா?" என்றாள்.

"எங்க?"

"ஒண்ணும் இல்ல. சொல்லுங்க. அப்புறம்?"

அப்புறம் என்று கேட்கிற மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்! நான் உருகிப்போய்ச் சொன்னேன். சாவி கடைசியில் என் டிபன் டப்பாவிலேயே இருந்ததையும் சொன்னேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அடுப்பு சரியா எரியல. இனி சூப்தான். ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வயிறும் கொஞ்சம் காலியா இருக்கட்டும்" என்றாள்.

பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை! எனக்கு என்ன தேவையோ அதை அவளே கொண்டுவந்து வைக்கிறாள். அடுப்புக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். சனிக்கிழமை காலையிலும் அடுப்பு எரியவில்லை. எரியாத அடுப்பில் சூப் எப்படிக் கொதிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதையில் மும்முரமாக இருந்தேன்.

"ஃபோர்மேன் அண்ணன் கம்பியைக் கையில குடுத்து, 'என்னடா கேக்குது'ன்னார். நான், 'கடல் கேக்குதுண்ணே'ன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கல. 'இவனுக்குக் காது இருக்கு'ன்னார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன? சும்மா சுத்திட்டு இருந்தேன்."

"பள்ளிக்கூடத்துல எல்லாம் ஒண்ணும் நடக்கலையே?"

"பள்ளிக்கூடமா? அது எதுக்கு இப்போ?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று பக்கத்தில் வந்து, "தலையைப் பாருங்க, எப்படிக் கலைஞ்சு கிடக்குது" என்று நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிவிட்டாள். கையை நெற்றியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அப்படி ஒதுக்கிவிடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கை குளுகுளுவென்று இருந்தது. என் நெற்றி சுட்டதால்தான் அது குளிர்ந்தது என்று அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் ஸ்பேனர்காரன் முழு பலத்தோடு தொங்கினான். எனக்கு வியர்த்தது. சிரிப்பை விடவில்லை.

"உன்னை முதல்முதல்ல பார்த்தேனே, அந்தத் தையல் கடை..."

மிஷின் நின்றது.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து கேளுங்கள். காலை நேரம். ஒரு தெருவில் தண்ணீர் வரவில்லை என்று புகார். நான் கம்பியை வைத்துக் காதைக் கொடுத்தேன். உள்ளே கடகடகடவென்று ஒரே சத்தம். தண்ணீர் அப்படிப் பேசாது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே தையல் கடை. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாள். வாயில் ஊசி. கழுத்தில் அளவு நாடா. கடையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"கொஞ்சம் நிறுத்துங்க. குழாய் பேசறது கேக்கல" என்றேன்.

வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, "குழாய் என்ன சொல்லுது?" என்றாள்.

"நிறுத்தினாத்தான் தெரியும்."

நிறுத்தினாள். நான் மறுபடி காதைக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கப்புறம் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதி. அவள் தாடையில் கைவைத்து என்னையே பார்க்கிறாள். நான் கேட்பது மாதிரியே குனிந்திருந்தேன். கடைசியில் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அவள் கடை வாசலையே காட்டி, "இங்கதான் ஒழுகுது, தோண்டு" என்றேன். மண்வெட்டி தோண்டினான். வறண்ட மண். இன்னும் தோண்டினான். கல். வெயில் ஏறிவிட்டது. ஃபோர்மேன் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது அவள் ஜன்னலிலிருந்து எட்டி, "எங்க கடைப் பின்சுவர் பத்து நாளா ஈரமா இருக்கு. அங்க போய்க் கேட்டுப் பாருங்களேன். இல்ல, இந்தப் பக்கமே தண்ணி வரணும்னு ஆசையா?" என்றாள். கும்பல் முழுக்க மண்ணில் உட்கார்ந்து சிரித்தது. அன்றைக்கே நான் தோற்றுவிட்டேன்.

கதையைச் சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. என் கதை சொல்லும் திறமை அப்படி என்று பெருமையாக இருந்தது. "துணி கேட்டவங்களுக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று எழுந்து போனாள். கதவைச் சாத்திக்கொண்டு நிறைய நேரம் பேசினாள். துணிக்கு அவ்வளவு பேச்சா என்றுகூட நினைக்கவில்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, இடுப்பு வார் கடைசி ஓட்டைக்கு வந்தும் இறுக்குவதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புன்னகையோடு வந்தேன். அவளும் கிளம்பி நின்றாள். வாசலில் டாக்சி.

"நீயுமா?"

"ஃபோர்மேன் அண்ணனை நானும் பார்க்க வேண்டாமா?"

டாக்சி கிளம்பியது. பம்ப் ஹவுஸுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

"டிரைவர், வழி மாறிப் போகுது."

"சரியாத்தான் போறார்" என்றாள்.

"அந்த ரோட்டுல ஏதாவது தோண்டியிருக்காங்களா?"

"ஆமா. டைவர்ஷன்."

டாக்டர் கிளினிக் வாசலில் வண்டி நின்றது. விடுமுறை நாள். கதவு திறந்திருந்தது. டாக்டர் எங்களுக்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வலி எப்படி இருக்கு?"

"வலியா? யாருக்கு?" என்று சிரித்தேன்.

அவர் என்னை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்போ எங்க இருக்காரும்மா?"

"வெள்ளிக்கிழமை காலைல போன வருஷத்துல இருந்தார் டாக்டர். சாயங்காலம் வீடு மாறின வருஷத்துக்குப் போயிட்டார். அப்பவே சூப்புக்கு மாத்திட்டேன். நேத்துக் காலைல வேலைக்குச் சேர்ந்தார், லேசா காய்ச்சல். சாயங்காலம்..." அவள் குரல் தழைந்தது. "தையல் கடைக்கு வந்துட்டார்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தையல் கடை வரைக்கும்னு நேத்தே போன்ல சொன்னீங்க. அதுக்கு அப்புறம் பள்ளிக்கூடம் எதுவும் வரலையே?"

"இல்ல டாக்டர். வந்திருந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்."

"படுங்க" என்றார் டாக்டர். இடது பக்கத்தில் ஒரு விரலை வைத்தார். நான் போட்ட கூச்சலில் வெளியே டாக்சி டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். வீக்கம்தான், கிழியவில்லை, நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். சூப்பும் ஓய்வும். கூடினால் உடனே வர வேண்டும். "அந்தப் பீன்ஸை மட்டும் சாப்பிட்டிருந்தீங்கன்னா இன்னும் அவஸ்தையாயிருக்கும்" என்றார்.

"எந்தப் பீன்ஸ்?"

"சட்டை துவைக்கறவ நான்தான்" என்றாள் என் மனைவி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு மானம் போய்விட்டது. அதைவிட ஒன்று உறுத்தியது.

"எவ்வளவு நாளா இது உனக்குத் தெரியும்?"

"முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, அதுக்கு முந்தின நாள் முழுக்கப் பள்ளிக்கூடக் கதையா சொன்னீங்க. வாத்தியார் குடையை ஒளிச்சு வெச்ச கதை. நான் வயிறு குலுங்கச் சிரிச்சுக்கிட்டே கேட்டேன். மறுநாள் ஸ்டிரெச்சர்ல போனீங்க. அதுக்கப்புறம் நீங்க கதைய ஆரம்பிச்சா நான் கதைய கேக்கறதில்ல. எவ்வளவு தூரம் பின்னாடி போறீங்கன்னுதான் கேக்கறேன். ஒழுகறது வெளில தெரியாது, காதை வெச்சுக் கேக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

என் ஊரில், என் தொழிலில், என் பெயரே காது. அந்தக் காதையே இரண்டு நாளாக வீட்டுக்குள் ஒருத்தி கம்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ஃபோர்மேன் அண்ணன் நினைவுதான் வந்தது. இந்நேரம் மூன்று பேரும் என் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மனுஷன் முகத்தை இனிப் பார்க்கப் போவதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. அதில் ஒரு ஜோடி படகு மாதிரி இருந்தது. அந்த அளவுக் கால் இந்த உலகத்தில் ஒருத்தருக்குத்தான் உண்டு.

"டேய் காது! எங்கடா போனே? வீட்டுக்காரனே இல்லாத வீட்டுல எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?"

நேற்றுச் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு செய்த போன் ஒன்று டாக்டருக்கு. இன்னொன்று இவருக்கு. சாவியை மாடி வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வயிறு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் விருந்து. எல்லார் முன்னாலும் ஒரு கிண்ணம் வந்தது. உள்ளே அடிப்பாகம் தெளிவாகத் தெரிந்தது.

"என்னம்மா இது?" என்றான் மண்வெட்டி.

"சூப்புண்ணே."

"சூப்பு எங்கே?"

"அதுதான்."

"பொரிச்ச மீனு?"

"அவர் முன்னாடி நீங்க பொரிச்சது சாப்பிட்டா உங்க மனசுக்குக் கஷ்டமா இருக்காதா?"

மண்வெட்டிக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. ஆனால் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. வால்வு கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நம்ம பம்ப் ஹவுஸ் தண்ணிகூட இவ்வளவு தெளிவா வந்ததில்ல" என்றான். எல்லாரும் குடித்தார்கள். ஃபோர்மேன் அண்ணன் பழைய துணிச் சுருளைப் பிரித்தார். உள்ளே என் கம்பி. இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். ஒரு முனையை என் வயிற்றில் மெதுவாக வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"என்னண்ணே கேக்குது?"

"கடல் கேக்குதுடா" என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்க்கையிலேயே நல்ல விருந்து அதுதான். சாப்பிட ஒன்றுமே இல்லாத விருந்து.

அவர்கள் போனபின் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள், "அந்தத் தையல் கடைக் கதை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். வலி இல்லாதப்போ ஒரு தடவையாவது சொல்லுங்களேன். பயமில்லாம கேக்கறேன்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வலி போனது. வெள்ளை ரொட்டி வந்தது. பீன்ஸும் வந்தது. ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "அன்னிக்குக் காலைல..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. நம்புங்கள். ஊசி வாயில் இருந்ததா, கையில் இருந்ததா? நான் முதலில் பேசினேனா, அவளா? ஒன்றும் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, நல்லா இருக்கீங்க. அது போதும்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆனால் இன்று காலை, பல் துலக்கும்போது, கதை தானாக வந்து நின்றது. முழுசாக. ஊசி வாயில்தான் இருந்தது. அளவு நாடாவில் ஒரு முனை கிழிந்திருந்ததுகூட நினைவுக்கு வந்தது. உடனே கண்ணாடியைப் பார்த்துச் சபதம் எடுத்தேன். ஏனென்றால் நாளை மண்வெட்டி வீட்டில் விருந்து. அன்று சூப் குடித்த கோபத்தை அவன் இன்னும் மறக்கவில்லை. பொரிச்ச மீன் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறான். இவளிடம் மூச்சு விடாமல் நாளை மதியம் வரை ஓட்டிவிட்டால் போதும். கதையோ உள்ளே நிற்காமல் முட்டுகிறது. அதனால்தான் அவளை விட்டுவிட்டு உங்களைப் பிடித்தேன். உங்களிடம் சொன்னால் அவளுக்கு எப்படித் தெரியும்? இடது பக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை. லேசாகத்தான். அதை விடுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார், எப்போதும் ஒரு குடையோடு வருவார்...

இருங்கள். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்று வெகு நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

"என்னங்க! செருப்பைப் போடுங்க, டாக்டர் வரச் சொல்லிட்டார். மண்வெட்டி அண்ணன்கிட்டயும் பேசிட்டேன். நாளைக்கு விருந்து நம்ம வீட்டுல. எல்லாருக்கும் சூப்!"